ஆங்கில டீச்சரின் தேனீக்கள்

தேனீயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஆங்கில டீச்சர் சொன்னால், அவர் வாயிலிருந்து ஒரு தேனீ வெளியே வரும். முதல் தடவை அது நடந்தது, வெளிநாட்டு வேலைக்குப் போகவிருந்த நர்ஸுகளும் டிரைவர்களும் உட்கார்ந்திருந்த காலை வகுப்பில். 'பீ' என்று அவர் சொன்னதும், தமிழ்க் காதுகள் என்ன செய்யுமோ அதையே வகுப்பும் செய்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தேனீ டீச்சரின் கீழுதட்டில் வந்து நின்று, இறக்கையைத் துடைத்துக்கொண்டு, சாக்பீஸ் டப்பாவுக்குப் பறந்துபோனது. எழுத்து வரிசையில் இரண்டாவதாக வரும் 'பி'யைச் சொன்னபோது ஒன்றும் வரவில்லை. 'இரு' என்று பொருள்படும் 'பீ'யைச் சொன்னபோதும் வரவில்லை. தேனீக்கு அர்த்தம் தெரிந்திருந்தது.

அர்த்தம் மாறினால் தேனீயும் மாறியது. ஓயாமல் உழைப்பவரையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கிய அன்று வந்த தேனீ, ஒரு நிமிடம் உட்காராமல் ஜன்னல் கம்பிகளின் தூசியையெல்லாம் துடைத்தது. ஸ்பெல்லிங் போட்டிக்கும் அதே பெயர் என்றபோது வந்தது, தப்பாக எழுதிய லாரி டிரைவரின் காது மடலில் கொட்டியது. அதற்குப் பிறகு அவர் 'நெசசரி'யில் ஒரு 'சி' கூடுதலாகப் போட்டதில்லை. ஒரே நினைப்பைப் பிடித்துத் தொங்குகிறவரின் தொப்பிக்குள் தேனீ புகுந்துவிட்டது என்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, வகுப்பைக் காலி செய்யச் சொல்ல வீட்டு உரிமையாளர் வந்து நின்றார். தேனீ அவருடைய ஹெல்மெட்டுக்குள் போய்விட்டது. வந்த காரியத்தை மறந்து, மாடிப்படிக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று கேட்டுவிட்டுப் போனவர், அடுத்த இரண்டு வருடமும் வேறெதையும் பேசவில்லை. படி மஞ்சளாகி, பச்சையாகி, மறுபடி மஞ்சளானது.

அந்தப் படிக்குக் கீழே டீச்சரின் அக்கா தையல் கடை வைத்திருந்தார். அக்காவும் தங்கையும் பேசி நாலு வருடம். அப்போது கடைக்கு வைத்த புதுப் பெயர்ப் பலகையில் 'டெய்லர்' என்பதற்கு ஒரு எழுத்து தப்பு என்று வாடிக்கையாளர்கள் எதிரிலேயே டீச்சர் சொல்லிவிட்டார். அக்கா பலகையை மாற்றவில்லை. தங்கை வாசலைக் கடக்கும்போது மிஷினை வேகமாக மிதிப்பார், அவ்வளவுதான். பிறகொரு நாள் ஈரப் பெயின்டில் வழுக்கி அக்காவின் வலது மணிக்கட்டு உடைந்தது. புது ஆஸ்பத்திரி வார்டுக்கான நோயாளி உடுப்புகள் வெட்டின துணியாக மேசையில் மலைபோல் குவிந்திருந்த வாரம் அது. சொன்ன நாளில் கொடுக்காவிட்டால் வேலை வேறு கடைக்குப் போய்விடும்; அதை நம்பித்தான் அவர் இரண்டாவது மிஷின் வாங்கியிருந்தார். ஆனாலும் அக்கா யாரையும் கூப்பிடவில்லை. கீழே மிஷின் சத்தம் நின்றுபோனதிலிருந்து மாடியில் டீச்சருக்குப் பாடம் ஓடவில்லை.

ஒருவரின் வேலையை முடித்துக்கொடுக்கப் பலர் ஒரே இடத்தில் கூடினால், அந்தக் கூட்டத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு. டீச்சர் அதை அதுவரை கற்பித்ததில்லை. எத்தனை வருமோ என்ற பயம். அன்று கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுச் சொன்னார். திறந்த வாயை மூட அரை மணி நேரம் ஆயிற்று. தேனீக்கள் திரளாகப் படியிறங்க, நர்ஸுகளும் டிரைவர்களும் ஆளுக்கொரு நாற்காலியோடு பின்னால் இறங்கினார்கள். தேனீக்கள் நூல் நுனியைக் கவ்வி ஊசிக் காதுக்குள் நுழைத்துக் கொடுத்தன, ஆட்கள் தைத்தார்கள். டீச்சர் கடைசியாக வந்து, தரையில் உட்கார்ந்து, ஒரு உடுப்பின் கழுத்து நாடாவைத் தைத்து நீட்டினார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோணலா இருக்கு" என்றார்.

"பிரிச்சுட்டுத் திரும்பத் தைக்கிறேன்க்கா."

"வேணாம், இருக்கட்டும். சாப்பிட்டியா?"

உடுப்புகள் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன. அக்காவின் எலும்பு கூடிய பிறகும் தேனீக்கள் மாடிக்குத் திரும்பவில்லை; நூல் அலமாரியின் மேல்தட்டில் கூடு கட்டிக்கொண்டன. முதல் தடவை வருகிறவர்கள் வாசலிலேயே தயங்குவார்கள். கழுத்திலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டே அக்கா, "அதெல்லாம் என் தங்கச்சி பேசினது. ஒண்ணும் பண்ணாது, கையைத் தூக்குங்க" என்பார். அவர்களும் கையைத் தூக்குவார்கள்.