வீட்டு அலவன்ஸ் முந்நூறு வெள்ளி

சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் ஊர் உலகத்தில் ஜாதகம் கேட்பார்கள். ராதாகிருஷ்ணன் சம்பள ஸ்லிப் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வரும்போது உன் கவர்மெண்ட் மாப்பிள்ளைய ஸ்லிப் காஜி எடுத்துட்டு வரச் சொல்லு" என்று அவர் சொன்னதற்கு மகள் ஷாமினி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் ரிஷியிடம் சொன்னாள். வேறு என்ன செய்வாள்? அப்பா தலையாட்டாவிட்டால் நாலு வருஷப் பழக்கம் நடுத்தெருவில் நின்றுவிடும்.

ராதாகிருஷ்ணன் கிள்ளானில் சரக்கு அனுப்பும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் மேனேஜர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். தீபாவளிக்கு வீட்டுக்கு யார் வந்தாலும், முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, "நம்ம வரிப் பணத்துலதான்லா கவர்மெண்ட் ஆளுங்க வீடு வாசல்னு உக்காந்திருக்கானுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அவருடைய சம்பளம் எவ்வளவு, கம்பெனி தருகிற வீட்டு அலவன்ஸ் எவ்வளவு என்பது அந்தத் தாமான் குடியிருப்பில் பாதிப் பேருக்கு மனப்பாடம். மனுஷருக்கு அப்படி ஒரு வாய்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு ரிஷியும் அவன் அம்மா இராஜம்மாவும் கோலாலம்பூரிலிருந்து தாம்பூலத் தட்டோடு வந்து சேர்ந்தார்கள். ரிஷி அரசாங்க ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறவன். அப்பா இல்லை. அம்மாவும் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் அட்டெண்டன்ட்டாக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றவர். ராதாகிருஷ்ணனின் மனைவி உஷாராணி கறிபாப்பும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். டீ ஆறுவதற்குள் ராதாகிருஷ்ணன் கையை நீட்டினார்.

"ஸ்லிப் கொண்டாந்தியா தம்பி?"

ரிஷி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"வீட்டு அலவன்ஸ் எங்க? கவர்மெண்ட்ல உன் கிரேடுக்கு முந்நூறு வெள்ளி உண்டு, எனக்கே தெரியும். உனக்கு மட்டும் ஏன் இல்ல? நீ கான்ட்ராக்ட்டா? பெர்மனன்ட்னு சொல்லி என் மகள ஏமாத்திக்கிட்டு இருக்கியா?"

"அப்பா!" என்றாள் ஷாமினி.

ரிஷிக்குக் காது சிவந்துவிட்டது. "பெர்மனன்ட்தான் அங்கிள். நாங்க குவார்ட்டர்ஸ்ல இருக்கோம்லா. குவார்ட்டர்ஸ் கொடுத்தா அந்த அலவன்ஸ வெட்டிருவாங்க. அதுதான் வாடகை மாதிரி."

இவ்வளவுதான் விஷயம். தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மூக்குடைந்தவர் சும்மா இருப்பாரா? காலையில் அவசர அவசரமாகப் பிரின்ட் எடுத்து வைத்திருந்த தாளை எடுத்து இராஜம்மாவிடம் நீட்டினார்.

"சரி, இத பாருங்க. இந்தப் பக்கம் கவர்மெண்ட், உங்க மகன். அந்தப் பக்கம் பிரைவேட், நான். சம்பளம் ஒம்பதாயிரம். அதுக்கு மேல வீட்டு அலவன்ஸ் மட்டும் ஆயிரத்து இருநூறு. என் மக அதுல வளந்தவ. உங்க குவார்ட்டர்ஸ்ல எப்படி இருப்பா, நீங்களே சொல்லுங்க."

இராஜம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தார். அப்போதுதான் எதிரே உட்கார்ந்திருந்த ராதாகிருஷ்ணன் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தார். கம்பெனியின் நீல முத்திரை. அதற்குக் கீழே அவருடைய பெயர்.

எட்டு மாதத்துக்கு முன் வந்த கடிதம் அது. வியாபாரம் சரியில்லை, அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் பாதி, வீட்டு அலவன்ஸ் அடியோடு நிறுத்தம் என்று மலாயில் அடித்துக் கொடுத்தது. பெண்டாட்டி கண்ணில் படக்கூடாது என்று பிரின்டர் பக்கத்தில், ஒரு பக்கம் அடித்த பழைய தாள் கட்டுக்கு அடியில் சொருகி வைத்திருந்தார். புதுத் தாள் போடாத கஞ்சத்தனம் அவருடையது. இன்றைக்கென்று அந்தத் தாளே கைக்கு வந்திருக்கிறது.

"கொடுங்க, போதும், கொடுங்க" என்று எழுந்தார்.

ஆஸ்பத்திரி ஃபாரங்கள் எல்லாமே இரண்டு பக்கமும் அடித்திருக்கும். இராஜம்மாவுக்கு எந்தத் தாளையும் திருப்பிப் பார்ப்பது முப்பது வருஷப் பழக்கம். திருப்பினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். கண்ணாடிக்கு மேலாக ராதாகிருஷ்ணனை ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு கடிதம் உள்ளே போகும்படி தாளை நாலாக மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணே" என்றார். "ஒரே ஒரு விஷயம். எங்க ஊரு பிரிக்பீல்ட்ஸ் கோயில்லதான் இவன் தாலி கட்டணும்னு எனக்கு வேண்டுதல். மண்டபம் கிண்டபம் எல்லாம் வேணாம். சாப்பாடு எங்க செலவு."

"என்னம்மா வேண்டுதல்? எனக்கே தெரியாது" என்றான் ரிஷி. அவர் மகனின் முழங்காலை அழுத்தினார்.

ஆயிரம் பேருக்கு மண்டபம் எடுப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார் ராதாகிருஷ்ணன். பெற்ற பிள்ளையை ஏமாற்றுக்காரனா என்று கேட்டவனுக்காக அந்த அம்மா சாமி பேரில் பொய் சொல்கிறார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

கார் கிளம்பிய சத்தம் அடங்கியதும் உஷாராணி கைதட்டிச் சிரித்தாள். "பாத்தியாடி, உங்கப்பா பேசின பேச்சுல மண்டபச் செலவே மிச்சம்! பயந்துட்டாங்க பாவம்."

ஷாமினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அவங்களுக்கு வசதி இல்லன்னு மூஞ்சிக்கு நேரா காட்டிட்டீங்கல்ல? வெக்கப்பட்டு வேண்டுதல்னு சொல்லிட்டுப் போறாங்க. இப்ப சந்தோஷமாப்பா?"

ஆமாம் என்று சொன்னால்கூடப் போதும், அவருடைய சம்பளக் கதை அப்படியே ஓடிவிடும். மடித்த தாள் கைக்குள் வேர்வையில் நனைந்து கிடந்தது. ராதாகிருஷ்ணன் அதைப் பிரித்தார். கடிதப் பக்கம் மேலே வரும்படி மகளிடம் நீட்டினார்.

"வசதி இல்லாதது அவங்களுக்கு இல்லம்மா."

ஷாமினி படித்தாள்; முதல் வரிக்கே திரும்பிப் போய் மறுபடியும் படித்தாள். "என்னடி அது?" என்று கேட்டுக்கொண்டே உஷாராணி பக்கத்தில் வந்தாள். ராதாகிருஷ்ணன் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"சத்தமா படிம்மா" என்றார். "உங்கம்மாவுக்கும் கேக்கட்டும்."