முடிச்சில்லாத வார்

பாலைவனக் கிணற்றில் சேர்ந்த மணலை அள்ள இறங்கிய கூமூர், அடியில் நின்றுகொண்டிருந்தபோதே, உருளையிலிருந்து நழுவி விளிம்புக் கல்லில் உரசி உரசி நைலான் கயிறு அறுந்துவிட்டது. எட்டிப் பார்த்த மகள் அசலாமாவுக்கு உள்ளே இருட்டுதான் தெரிந்தது.

"அப்பா!"

"இருக்கேன்மா. பக்கத்துச் சுவர் உதிருது. மணல் முழங்காலுக்கு வந்துடுச்சு."

கூடாரத்துப் புல் கயிறுகளை முடிந்து பார்த்தார்கள். சித்தப்பா ரிஸ்ஸா ஒரு இழுப்பு இழுத்ததுமே பிய்ந்துபோயின. அடுத்த கூடாரத்துக்குப் போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

தோல் வேலையும் செய்யும் கொல்லர் குடியைச் சேர்ந்த கைசேனா, அசலாமாவின் கல்யாணப் பாய்க்காகப் பதனிட்ட மாட்டுத்தோலைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். தரையில் விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

"உன் பாய் கிணத்துக்குள்ள போகுதுடி. அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கு சிந்தக் கூடாது."

"அதெல்லாம் இருக்கட்டும், வெட்டுக்கா!"

ஓரத்திலிருந்து கத்தி கிளம்பியது. அசலாமா தோலைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள். நத்தை ஓட்டின் வரிபோலக் கத்தி உள்நோக்கி வளைந்துகொண்டே போக, வெட்டிய வார் கைசேனாவின் மடியில் விழுந்து குவிந்தது. வயிற்றுப் பக்கத்து மெல்லிய தோல் வரும்போது வார் அகலமாயிற்று. முதுகுப் பக்கம் வந்ததும் ஒடுங்கியது. கைசேனாவின் கண்ணோ கிணற்றின் மேல் இருந்தது. கட்டைவிரல்தான் தோலின் கனத்தைத் தடவித் தடவிக் கத்திக்கு வழி காட்டியது. எங்கே ஓரிடம் மெலிந்தாலும் அங்கேதான் அறும்.

படுத்துறங்கும் அகலமே இருந்த ஒரு தோலிலிருந்து, கிணற்றையே அளக்கும் நீளம் வந்துகொண்டிருந்தது.

வாரை உருளையில் மாட்டி ஒரு நுனியைக் கீழே விட்டார்கள். மறுநுனி ஒட்டகத்தின் சேணத்தில்.

"இடுப்புல இறுக்கிக் கட்டுங்க! பெரிய குடும்பத்து வயிறு வேற, நல்லா இழுத்துக் கட்டுங்க!" என்று கைசேனா குனிந்து கத்தினாள். கீழிருந்து சிரிப்பொலி வந்தபோதுதான் அசலாமாவுக்கு உயிர் திரும்பியது.

ரிஸ்ஸா ஒட்டகத்தை நடத்தினார். வார் விறைத்தது, முனகியது, நீண்டது. ஒட்டகம் வெகுதூரம் போன பிறகு முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு, அந்த நிலையிலும் அவர் அவிழ்க்காத, அவர்கள் குடி ஆண்கள் கண் மட்டும் தெரியச் சுற்றிக் கட்டும் முகத்துணி.

கூமூர் மணலில் விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அசலாமா அவர் இடுப்புக் கட்டை அவிழ்த்தாள். பிறகு வாரை விரலிடுக்கில் ஓடவிட்டபடியே ஒட்டகம் வரை நடந்தாள். ஒரு ஒட்டு இல்லை, ஒரு முடிச்சு இல்லை. திரும்பிப் பார்த்தபோது நீளமான பழுப்புக் கோடாக அது மணலில் கிடந்தது. அந்தக் கோடியில் கைசேனா விரல்களை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி முழிக்கிற? டீ போடு. சர்க்கரையில கஞ்சத்தனம் பண்ணாதே, அள்ளிப் போடு."

அசலாமா திரும்பி நடந்து வந்தாள். கைசேனாவின் அந்தக் கைகளைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.