பூமாலையின் பன்றி வலை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். தனசேகரனிடம் அதை யார் சொல்வது? செந்தமிழ்ச்செல்வியைத் தன் மகனுக்குப் பெண் பார்க்க உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு நாளுக்கென்று வந்த மனிதர். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. ஐந்து நாளாகப் பெண் வீட்டிலேயே சாப்பாடு.

மூன்று நாளில் மூன்று கோழி தீர்ந்தது. அப்புறம் முருங்கைக்கீரை. கீரையைக் கண்டதும் அவர் முகம் போன போக்கில், பெண்ணின் அப்பா பூமாலைக்குச் சம்பந்தம் நழுவிவிடுமோ என்று பட்டது. சம்மதமா என்று கேட்டால், "யோசிச்சிச் சொல்றேங்க" என்பார். "பையன் மெட்ராஸ்ல பரீட்சைக்குப் படிச்சிக்கினு இருக்கான். மறியல் கிறியல்னு போற புள்ள இல்ல" என்று பெருமை வேறு.

கறி போடாமல் இந்தச் சம்பந்தம் கூடிவராது என்று பூமாலை ஆறாம் நாள் விடியுமுன் பன்றி வலையை எடுத்தார். நானும் வருவேன் என்று தனசேகரனும் கிளம்பிவிட்டார்.

ராத்திரியெல்லாம் பூமாலையின் கரும்பைத் தின்னும் காட்டுப்பன்றிகள் விடியும் நேரம் கல்வராயன் மலைக்குத் திரும்பும். நடுவில் ஓர் ஓடை. அதன் குறுகலில் வலையைக் கட்டினார்.

"பயந்து ஓடறது எதுவானாலும் கரை மேடு ஏறாதுங்க. பள்ளத்தப் புடிச்சிதான் ஓடும்."

"அப்ப ஓடையிலயே ஒக்காரலாமா?"

"கூடாதுங்க. வெயில் வர்ற வரைக்கும் காத்து மலையிலேந்து ஓடை வழியா கீழ எறங்கும். நம்ம வாடை பன்னிக்குப் போயிடும். கரைக்கு அந்தாண்ட பாறை மறைவுக்கு வாங்க."

கீழே பக்கத்து நிலத்துச் சிங்கராயர், சொல்லிவைத்தபடி பன்றியைக் கிளப்பத் தகர டின்னைத் தட்டினார். கரும்பு சரசரத்தது. ஏதோ ஒன்று ஓடையில் திமுதிமுவென்று ஓடிவந்து வலையில் விழுந்து புரண்டது. பூமாலை தடியோடு பாய்ந்தார்.

"அடிக்காதீங்க, நான் மனுசன்."

உடம்பெல்லாம் சேறு, கையில் பாதி கடித்த கரும்பு. தனசேகரன் குனிந்து பார்த்தார். பெற்ற பிள்ளை வெங்கடேசன்! மரம் வெட்டியவர்களைப் போலீஸ் தேடுகிறது என்று மலையில் ஒளிந்தவன், பசிக்குக் கரும்பு தின்ன இறங்கியிருக்கிறான். டின் சத்தம் கேட்டதும் போலீஸ் என்று ஓடியிருக்கிறான்.

"இதுதான் மெட்ராஸுங்களா?" என்றார் பூமாலை.

தனசேகரன் வலை முடிச்சை அவிழ்ப்பதிலேயே கண்ணாக இருந்தார்.

வீட்டில் செந்தமிழ்ச்செல்வி வைத்த களியையும் அதே முருங்கைக்கீரையையும் வெங்கடேசன் மூன்று தடவை வாங்கித் தின்றான். சட்டியை வழித்துவிட்டு அவளைப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது என்று பூமாலைக்கு மனசு நிறைந்தது.

தனசேகரன் தொண்டையைச் செருமினார். "சம்பந்தி, வர்ற தையிலயே முடிச்சிடலாங்களா?"

உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் சட்டென்று நின்றது. பூமாலை வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் போட்டு, நன்றாக மென்றார்.

"யோசிச்சிச் சொல்றேங்க."