பதினாறு ஜன்னல் ரயில்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கை வேலை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டே வாருங்கள். ஒரு ரயிலைப் பற்றிச் சொல்லப்போகிறேன். விருத்தாசலம் ஜங்ஷனில் நின்று போகிற ரயில் இல்லை. இது ஒரு டீக் கோப்பையைச் சுற்றி ஓட வேண்டிய ரயில். ஓடியதா என்பதுதான் கதை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றின் நீள மேசைமேல் பளபளவென்று பதினெட்டு வெள்ளைக் கோப்பைகள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர். அதில் ஃப்ளோரா ஒரு நீளமான தாளை மிதக்கவிட்டாள். செராமிக் டிப்ளமா கடைசி வருஷம் படிக்கிற பெண். தண்ணீர் ஊறியதும் தாளிலிருந்து படம் மட்டும் மெல்லிய தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கோப்பையில் ஒட்டிச் சூளையில் சுட்டுவிட்டால் ஆயுசுக்கும் அழியாது. ஸ்டிக்கர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

ஃப்ளோராவின் ஸ்டிக்கரில் ஒரு எஞ்சின், எட்டுப் பெட்டிகள். பெட்டிக்கு இரண்டு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு முகம். பதினாறும் அந்தப் பட்டறையில் வேலை செய்கிற பெண்களின் முகங்கள். அவளுடைய அம்மா கிரேசியும் அதில் ஒருத்தி.

இந்த ரயிலை அவள் ஆறு மாதமாகக் கம்ப்யூட்டரில் வரைந்தாள். கடைவீதி மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் முதல் நாள் மவுசைப் பிடித்து வட்டம் போடப் போய், அது உருளைக்கிழங்காக வந்து நின்றது. பென்சிலுக்கு இருக்கிற அழுத்தம் மவுசுக்கு இல்லை. ஆனால் அதற்கு வேறொரு நல்ல குணம் இருந்தது. கோணலாகிப் போன கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தால் முகம் சுளிக்காமல் கூடவே வந்தது. பெண்கள் அடையாள அட்டைக்கு எடுத்திருந்த போட்டோக்களை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக வரைந்தாள். கட்டைவிரல் நகம் அளவு ஜன்னலில் எல்லாவற்றையும் வரைய முடியாது. எதை விட்டால் ஆள் மாறாது என்று பார்த்துப் பார்த்து விட வேண்டும். மாரியம்மாளுக்குத் தலைத்துண்டு மட்டும் போதுமாக இருந்தது. கண்ணம்மாளுக்கு மூக்குத்தியும் திறந்த வாயும். அம்மாவின் போட்டோதான் யாரோ ஒருத்தி மாதிரி இருந்தது. நாலு தடவை அழித்த பிறகு, தூசிக்காக அம்மா மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டுகிற துணியை வரைந்து, மேலே இரண்டு கண்களை மட்டும் வைத்தாள். அம்மா வந்துவிட்டாள்.

"எல்லாருக்கும் ஜன்னல் சீட்டு" என்று ஃப்ளோரா வாக்குக் கொடுத்திருந்தாள். யார் பக்கத்தில் யார் என்று ஒரு மாதம் சண்டை நடந்தது. கண்ணம்மாளின் வாய்க்குப் பயந்து யாரும் அவள் பக்கத்தில் உட்காரச் சம்மதிக்கவில்லை. அதனால் அவளைக் கடைசிப் பெட்டியில் கிரேசியோடு உட்கார வைத்தாள். கிரேசிதான் யாருக்கும் பதில் பேச மாட்டாள்.

படத்தோலை முதல் கோப்பையில் வைத்து ஃப்ளோரா விரலால் நீவிக்கொண்டே வந்தாள். எஞ்சின், ஒன்று, இரண்டு, மூன்று... ஏழாவது பெட்டி வந்தபோது கோப்பை முடிந்துவிட்டது. எட்டாவது பெட்டி எஞ்சின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. உரித்து மறுபடி ஒட்டினாள். மறுபடியும் அப்படித்தான்.

"என்னாடி, ரயிலு ரயில இடிக்குது?" என்றாள் கண்ணம்மாள்.

ஃப்ளோரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அச்சிலிருந்து எடுத்த ஈரக் கோப்பையில் நூலைச் சுற்றி அளந்திருந்தாள். இருபத்தேழு சென்டிமீட்டர். அப்படியே கம்ப்யூட்டரில் போட்டு வரைந்திருந்தாள். சுட்ட பிறகு களிமண் சுருங்கும்; இப்போது கோப்பையின் சுற்றளவு இருபத்து நாலுக்குக் கொஞ்சம் குறைவு.

"பன்னெண்டு பர்சன்ட் சுருங்கும்னு நீதானடி எங்களுக்கே பாடம் எடுத்த!" என்று மாரியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பரிச்சையில அதுக்கு ஃபுல் மார்க்குன்னு சாக்லேட்டு வேற குடுத்த!"

"கம்ப்யூட்டர்ல எதுவும் சுருங்கலியேக்கா" என்றாள் ஃப்ளோரா. திங்கட்கிழமை இந்தக் கோப்பைகளைப் பார்த்து மார்க் போட வெளியூர்த் தேர்வாளர் வருகிறார். புது ஸ்டிக்கர் அடிக்கலாம் என்றால், கல்யாணப் பத்திரிகையோடு இந்த ஸ்டிக்கரையும் ஸ்கிரீன் பிரிண்டில் அடித்துக் கொடுத்த ராஜ்மோகன், "ஸ்கிரீன கழுவிட்டேம்மா, இனிமே புதங்கெழமதான்" என்று போனில் கையை விரித்துவிட்டார். சூளை பார்க்கும் கலியமூர்த்தி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "நாலு மணிக்கு கதவ மூடிடுவேன் பாப்பா. நாளைக்கு உங்குளுத எறக்கிட்டன்னா, பத்து நாளைக்கு உள்ளார கல்லு மாத்தற வேல."

கிரேசி முகத்துணியை இறக்கினாள். "கடசிப் பொட்டிய வெட்டிடும்மா. நான் இல்லன்னா என்னா, வூட்லதான் தெனம் பாக்கறியே."

"நீ எறங்கிடுவ தாயி. நான்?" கண்ணம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கம்மாபுரம் பஸ்ஸு பூராவும் சொல்லிட்டேன். எம்மூஞ்சி பீங்கான்ல வருதுன்னு கண்டக்டருக்கே தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. கத்தரிக்கோல் ஃப்ளோராவின் கையில் இருந்தது. ஆறு மாதத்தில் எத்தனையோ கோடுகளைத் துணிந்து அழித்தவளுக்கு இந்த மூன்று சென்டிமீட்டரில் கை வைக்க முடியவில்லை. இரண்டு பேர் இறங்கினால்தான் மற்ற பதினாலு பேர் போகலாம் என்றால் அந்த ரயிலை எதற்கு வரைந்தோம் என்று நினைத்தாள்.

"ஏண்டி மரமாட்டம் நிக்கற?" கண்ணம்மாள் விடவில்லை. "எடமில்லன்னா எறக்கியா வுடுவாங்க? எங்க கண்டக்டரு என்னா பண்ணுவாரு? உள்ள போ, உள்ள போன்னு நெட்டித் தள்ளுவாரு. புட்போர்டுல தொங்கறவங்களுக்கும் உள்ள எடம் வந்துரும்."

ஃப்ளோரா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். வழவழவென்று வெள்ளையாக, காலியாக இருந்தது.

சரக்கென்று கடைசிப் பெட்டியை வெட்டினாள், தண்ணீரில் போட்டாள், வழுக்கி வந்த படத்தை இரண்டு விரலால் உள்ளே இறக்கிக் கோப்பையின் அடியில் வைத்து நீவினாள். வெளியே ஏழு பெட்டிகளும் எஞ்சினும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் வட்டமாகச் சேர்ந்துகொண்டன. ஈயம் கலக்காத கலர் என்று கேட்டு வாங்கியிருந்ததால் உள்ளே ஒட்டுவதில் பயமில்லை.

"அடிப்பாவி, எங்கள டீக்குள்ள தள்ளிட்டா!" என்றாள் கண்ணம்மாள். பட்டறை கொல்லென்று சிரித்தது. ஆளுக்கொரு கோப்பையாக எடுத்து அதே மாதிரி ஒட்டினார்கள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பதினெட்டாவது கோப்பை சூளைக்குள் போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஃப்ளோராவும் கிரேசியும் சர்ச்சில் பூசை முடிந்து நேரே வந்தார்கள். லீவு நாளிலும் மற்ற பதினைந்து பேரும் வந்திருந்தார்கள். கண்ணம்மாள் கம்மாபுரத்திலிருந்து பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கலியமூர்த்தி கதவைத் திறந்தார். மங்கலாக உள்ளே போன கலர்களெல்லாம் பளிச்சென்று வெளியே வந்தன. மாரியம்மாளின் தலைத்துண்டு மிளகாய்ப் பழச் சிவப்பு.

கழுவித் துடைத்த கோப்பைகளில் கிரேசி தூக்குவாளியிலிருந்து டீ ஊற்றினாள். கோப்பையைத் திருப்பித் திருப்பி அவரவர் ஜன்னலைத் தேடினார்கள். "என்ன விட உனக்குத்தான் மூக்கு பெருசு" என்று சண்டை. கண்ணம்மாளுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் வரலடி... இன்னும் வரல... இரு, மூக்குத்தி தெரியுது!"

கிரேசி கடைசியாகத்தான் தனக்கு ஊற்றிக்கொண்டாள். துணி கட்டாத முகத்தோடு மேசை ஓரத்தில் நின்று சிறுகச் சிறுகக் குடித்தாள். ஒரு மிடறு மிச்சம் இருக்கும்போது நிறுத்தினாள். மெலிந்துபோன டீக்கு அடியிலிருந்து, துணிக்கு மேலே இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. அவள் கோப்பையை லேசாக ஆட்டினாள். கண்கள் மறைந்து, மறுபடி தெரிந்தன. மறுபடி ஆட்டினாள். தேர்வாளருக்கு எடுத்து வைத்த கோப்பையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே ஃப்ளோரா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போய்வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பில் எந்நேரமும் டீ கொதிக்கட்டும். வருகிறவர்கள் எல்லாருக்கும் உள்ளே இடம் இருக்கட்டும். குடித்து முடிக்கிற ஒவ்வொரு கோப்பையின் அடியிலும் உங்களுக்குப் பிரியமான ஒரு முகம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.