அம்ராவின் பதினான்கு தகடுகள்

கீழே எழுதப்படுவதில் ஒரு சொல் பொய்யென்றால், எழுதுகிறவனின் வாயில் மிஞ்சியிருக்கும் நான்கு பல்லும் இன்று பின்னேரத்துக்குள் விழட்டும். கிண்ணியாவில் ஸஹாப்தீன் என்பவர் வீட்டிலேயே கட்டிக்கொண்டிருந்த காரின் இடதுபக்கக் கதவு, 2022ஆம் ஆண்டு மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தானாகக் கழன்று, துறைமுகத்துக்கு மேலாகப் பறந்து, உப்புவெளியில் அன்னலட்சுமி நடத்தும் விடுதியின் முற்றத்தில் இறங்கியது. அன்று ஒரு தேங்காய் நூறு ரூபாய். அன்னலட்சுமி அதில் இரண்டு நாள் மிளகாய் காயவைத்துவிட்டு, விசாரித்து, பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். கொண்டக்டர் கதவுக்கு அரை டிக்கெட் வெட்டினார்.

வெளிநாட்டிலிருந்து வாகனங்கள் வராமல் நின்ற ஆண்டுகள் அவை. பழைய காரின் விலைக்கு ஒரு வளவே வாங்கலாம் என்றிருந்த காலத்தில், மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்தும் ஸஹாப்தீன் தன் காரைத் தானே கட்டுவதென்று முடிவெடுத்தார். அடிச்சட்டத்துக்குப் பெட்டி இரும்பு கிடைத்தது. நொறுங்கிய வான் வண்டி ஒன்றிலிருந்து எஞ்சின் கிடைத்தது. மேலே மூடத்தான் தகடு இல்லை. மனைவி அம்ரா தங்கையைப் பார்க்கப் புல்மோட்டைக்குப் போயிருந்த இரண்டு நாளில், தன் வீட்டுக் குசினிக் கூரையிலிருந்த பதினான்கு அலுமினியத் தகடுகளையும் கழற்றி இறக்கினார். தன் வீடு என்று எழுதியது பிழை. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. மாப்பிள்ளை வந்து குடியேறுகிறவர். இருபத்தைந்து வருடம் அங்கேயே தின்று உறங்கிய பழக்கத்தில் ஸஹாப்தீனுக்கு அது மறந்துபோயிருந்தது.

தகடுகள் அம்ராவின் வாப்பா அபூதாஹிர் துறைமுகத்தின் அடியில் சுழியோடி எடுத்தவை. கடலில் இறங்கி ஏறும் பழைய விமானமொன்றின் தோல். பத்தேகாலுக்குப் புறப்பட வேண்டிய அந்த விமானம் புறப்படாமலே கடலுக்குள் தாண்டுபோனது. அதனால் அவற்றுக்குத் தினமும் பத்தேகாலுக்குப் பயண அவசரம் வரும். கூரையாக இருந்த காலத்தில் அவை அசையாமல் கிடந்ததற்குக் காரணம், அதே நேரத்தில் கீழே அம்ரா சம்பல் இடிப்பது. அந்தச் சத்தத்தில் அவற்றுக்குக் கிளம்ப மனம் வரவில்லை.

திரும்பி வந்த அம்ரா குசினிக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு கணவனின் சாரங்களை ஓர் உரப்பையில் போட்டுப் படலைக்கு வெளியே வைத்தார்.

"வானத்தைப் பார்த்துச் சோறாக்க எனக்கு என்ன நேர்ச்சையா? கேளுங்க. அந்தக் காரில என்னைத் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டு போகணும். ஒரு தகடு குறையப்படாது. மாரிக்கு முதல் கூரை பழையபடி என்ட குசினியில இருக்கணும். அதுவரைக்கும் இந்தப் படலைக்குள்ள கால் வைக்கப்படாது."

"ரெண்டும் எப்பிடிப் புள்ள ஏலும்?"

"அது உங்கட வேலை."

அன்றிலிருந்து ஸஹாப்தீன் வேலிக்கு வெளியே, காரின் சட்டத்துக்குள் படுத்தார். வேளைக்கு வேளை சோறு வேலிக்கு மேலால் வந்தது; கதை வரவில்லை. கூரை போன கோபத்தில் அம்ரா சம்பல் இடிப்பதையும் நிறுத்தியிருந்தார். கதவு பறந்தது இந்த நாட்களில்தான். அது சாதாரண றிவெட் அடித்த கதவு. திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் வேலை, பதினான்கு தகட்டின் உட்புறத்திலும் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதியது.

பெட்டி இரும்பு நாலு பக்கமும் மூடியது. உள்ளே விரல் விட்டு நட்டுப் பிடிக்க ஏலாது. இதற்கென்றே ஒரு சாமான் உண்டு: உட்புறம் மரை வெட்டிய சிறு குழாய். துளைக்குள் வைத்து அதற்குரிய கருவியால் இழுத்தால் பின்பக்கம் நசுங்கி இரும்பைக் கவ்விக்கொள்ளும். பிறகு போல்டை வெளியிலிருந்தே முறுக்கலாம், வேண்டுமென்றால் கழற்றலாம். கடைக்காரர்கள் அதை நட்டு றிவெட் என்பார்கள். திருகோணமலை டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் வினோதன் மேசையில் மூன்று கருவிகளைப் பரப்பினார். ஒன்று குறடு மாதிரிச் சின்னது. ஒன்று கைநீளப் பிடிகள் இரண்டு வைத்த பெரிய பாக்குவெட்டி மாதிரி. மூன்றாவது காற்றில் ஓடுவது. அதற்குக் காற்று கொடுக்க இன்னொரு இயந்திரம் வேண்டும்.

"எது தம்பி மலிவு?"

"மலிவு இந்தக் குறடு, நாலாயிரத்து ஐந்நூறு. உங்களுக்குக் கட்டுப்படியாகிறது நீளக் கைக்காரன், பதினெட்டாயிரம்."

"நாலரையை விடப் பதினெட்டு எப்பிடிக் கட்டுப்படியாகும்?"

"கொண்டு போங்கோ நானா. திரும்பி வருவியள்."

குறடு பதினொரு நட்டு இழுத்தது. பன்னிரண்டாவதில் அதன் மரை தேய்ந்து மாவானது. இழுத்த பதினொன்றும் அரைப்பிடியில் நின்றன. போல்டை முறுக்க நட்டும் சேர்ந்து சுற்றியது. மறுநாள் பத்தேகாலுக்குப் பொனட் போனது. பத்தே நாற்பதுக்குத் திரியாயிலிருந்து சின்னராசா என்ற விவசாயி அழைத்தார். "உங்கட சாமான் ஒண்டு என்ட வயலுக்க நிண்டு இழுக்குது. மாட்டுக் கயித்தால பனையில கட்டியிருக்கிறன். வாறியளோ, அவிட்டு விடவோ?"

ஸஹாப்தீன் பொனட்டைக் கட்டி இழுத்து வந்தார். அலுமினியத்துக்கு உதவாத தன் வெல்டிங் இயந்திரத்தை விற்றார். ஒருமுறை ஏமாந்தவர் என்பதால், இந்த முறை பொனட்டைச் சுமந்துகொண்டே, பத்து மணிக்குக் கடைக்குள் நுழைந்தார். நீளக் கைக் கருவியால் வினோதனின் இரும்பு மேசையிலேயே நான்கு நட்டு இழுத்து, பொனட்டைப் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, கைகட்டி நின்றார். பத்தேகாலுக்கு மேசை, அதன்மேல் இருந்த ஆணிப் பெட்டிகளோடும், விளிம்பில் குந்தியிருந்த வினோதனோடும், நான்கு அங்குலம் எழும்பி நின்றது. நட்டு அசையவில்லை.

"ஓம் நானா, கண்டிட்டன்," என்றார் வினோதன் மேலிருந்தபடி. "பதினாறுக்குக் கொண்டு போங்கோ. முதல்ல என்னை இறக்குங்கோ."

தகட்டுக்குப் பன்னிரண்டாக நூற்று அறுபத்தெட்டு நட்டு. ஒவ்வொரு துளையையும் ஒன்பது மில்லிமீற்றரில் போட்டு, பிசிறு வழித்து, ஒரு பிடியை நெஞ்சில் ஊன்றி மற்றதை இழுத்தார். மூன்று கிழமையில் நெஞ்சில் காசளவு தழும்பு விழுந்தது, இன்னும் இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காரை முடித்துப் படலையில் நிறுத்தி ஹோர்ன் அடித்தார்.

அம்ரா தகடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஏறினார். நம்பிக்கை போதாமல் சம்பல் இடிக்கும் உரலையும் மடியில் வைத்துக்கொண்டார். திரியாய்க்குக் கிட்டப் போகையில் பத்தேகாலானது. தகடு ஒன்றும் கழலவில்லை. அதனால் காரே முழுதாக ஒரு முழம் எழும்பியது. புல்மோட்டை வரை அந்த உயரத்திலேயே போனது. தெருப் பள்ளங்கள் ஒன்றும் தெரியவில்லை. தங்கை வீட்டு வாசலில் அம்ரா உரலில் மூன்று இடி இடித்தார், கார் இறங்கியது. மறுபடியும் எண்ணினார். பதினான்கு.

"ஓம், சரிதான். மாரி வருதே, என்ட கூரை?"

ஸஹாப்தீன் சட்டைப்பையிலிருந்து பத்தாம் இலக்க ஸ்பனரை எடுத்துக் காட்டினார். அம்ராவுக்கு மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஒக்டோபரில் ஒரு பின்னேரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டுப் போல்டும் கழன்றன. வேலைக்கு மட்டும் அம்ரா உள்ளே விட்ட நாட்களில் அதே அளவு நட்டுகள் இழுத்துவைத்திருந்த குசினியின் இரும்புச் சட்டத்தில் தகடுகள் ஏறின. அன்றிரவு அவர் வீட்டுக்குள்ளே தின்றார்.

அதன் பிறகு மாரியில் அது கூரை, மழையில்லாத கச்சான் காற்றுக் காலத்தில் கார். மாரி நாளொன்றில் பத்தேகாலுக்குப் போகிறவர்கள் குசினி ஒரு சாண் எழும்பி நிற்பதைக் காணலாம். அம்ரா சம்பல் இடிக்கத் தொடங்கியதும் இறங்கிவிடும். பிந்தினால் அயலவர்கள் வேலிக்கு மேலால் ஞாபகப்படுத்துவார்கள்.

பல் நான்கும் விழுந்த பிறகு எழுதுவது: அம்ராவின் குசினிக்கு, கட்டின நாளிலிருந்தே, கொங்கிறீட் கூரை.