லேமினேஷன் போட்ட முந்திரிப் பழம்

சிதம்பரம் போகும் பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டியதும் அபுல் ஹசன் மகளிடம் சொன்னார்: "பயப்படாத. ஒன் படத்துக்கு நேத்தே லேமினேஷன் போட்டுட்டேன்."

ஃபஹீமா பையைத் திறந்தாள். இரண்டு கொய்யா, ஒரு பூவம்பழம், ஒரு முந்திரிப் பழம். வாட்டர் கலரில் அவள் உருப்படியாக வரைந்த முதல் படம். பிளாஸ்டிக்குக்குள் பளபளத்தது.

பதினொரு மணிக்குச் சிதம்பரத்தில் ஓவியப் படிப்புக்கு நேர்காணல். கையால் வரைந்த அசல் படம் ஒன்று கொடுக்க வேண்டும். லேமினேஷன் கூடாது என்று அழைப்புக் கடிதத்திலேயே இருந்தது. மறுபடி வரைய நேரமில்லை. முந்திரிப் பழ சீசனும் முடிந்துவிட்டது.

"போச்சு, அத்தா. பிரிச்சா பேப்பரும் சேந்து வந்துடும்."

"நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன். தண்ணி பட்டா அழிஞ்சிடுமேன்னு..."

துபாயில் பதினாறு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வீட்டில் ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை லேமினேஷன்தான்.

"பாஸ்போர்ட்ட மட்டும் எப்படி வுட்டீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் புதுச்சத்திரத்தை நெருங்கியது.

ஓரத்தை நகத்தால் பிரித்துப் பார்க்கலாம் என்று ஃபஹீமா படத்தைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஆனால் அவள் வரைந்த தாளின் பின்புறம் முழுக்க, நிறம் கலந்து தீட்டிப் பார்த்த மஞ்சள், பச்சைக் கோடுகள் இருக்க வேண்டும்.

"அத்தா, இது என் பேப்பரே இல்ல. கடைக்குப் போன் போடுங்க."

கடலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே லேமினேஷன் கடை வைத்திருக்கும் பழனிவேல் மூன்றாவது முயற்சியில் எடுத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் சாவகாசமாக வந்தது.

"அது அட்டையாட்டம் தடியா இருந்துச்சு பாய், மிஷின்ல மாட்டிக்கும். கலர் ஜெராக்ஸ் எடுத்துப் போட்டேன். நீங்க வாங்க வந்தது சாப்பாட்டு நேரம், கடையில தம்பிதான் இருந்தான். ஒரிஜினல சேத்துக் குடுக்கலியா?"

"குடுக்கல! எங்க அது?"

"இங்கதான் இருக்கு. ஏன் கத்துறீங்க? சிதம்பரம் பஸ் நிக்குது. கண்டக்டர்கிட்ட குடுத்து வுடறேன், வாங்கிக்குங்க."

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் உட்காரவே இல்லை. கடலூரிலிருந்து வந்த இரண்டு பஸ்களில் அவர்களுக்கு எதுவும் வரவில்லை. மூன்றாவது பஸ் பத்து இருபத்தைந்துக்கு வந்தது. கண்டக்டர் படிக்கட்டில் நின்றபடியே பழுப்பு உறையை நீட்டினார்.

"படம் யாருது? மடிக்காத, சாய்க்காதன்னு அந்தாளு உயிர வாங்கிட்டான்."

ஃபஹீமா அங்கேயே பிரித்துப் பார்த்தாள். சொரசொரப்பான தாள், பின்னால் கோடுகள், கொய்யாவின் கீழே சற்றுக் கலங்கிய நிழல். எல்லாம் இருந்தது.

நேர்காணலில் ஆசிரியை படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நிழலில் தண்ணீர் அதிகம் என்றார். எண் எழுதி, மற்ற படங்களோடு வைத்துக்கொண்டார்.

அபுல் ஹசன் கேட்டருகே நின்றிருந்தார்.

"வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்கத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "வா, எதுனா சாப்புடலாம். காலையிலேர்ந்து தொண்டையில ஒண்ணும் எறங்கல."