பதினான்கு டன் மொட்டு

தேசங்கள் கல்லில் எழுதப்படுகின்றன. தலைவர்கள் மறைவார்கள், மந்திரிசபைகள் கவிழும், கொடியின் நிறம்கூட மாறும். ஆனால் தலைநகரத்தின் நடுவே எழுப்பிய கல் மட்டும் தலைமுறைகளைத் தாண்டி அசையாமல் நிற்கும்.

அப்படி நின்ற கல்லில் பூசணிக்காய் அளவு துண்டு ஒன்று செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்குத் தலைமைச் செயலகக் குவிமாடத்தின் உச்சியிலிருந்து கழன்று துணைச் செயலரின் கார்மேல் விழுந்தது. நல்லவேளை, காரில் யாரும் இல்லை. துணைச் செயலர் உள்ளே, கட்டடப் பராமரிப்பு திருப்திகரமாக இருப்பதாகத் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டிருந்தார்.

அந்தக் குவிமாடத்தைப் பார்க்காதவர் நாட்டில் கிடையாது. தபால்தலையில் இருக்கிறது, பள்ளிக்கூட நோட்டு அட்டையில் இருக்கிறது. உச்சியில் உட்கார்ந்திருக்கும் உருண்டைக் கல்லுக்குத் 'தேச மொட்டு' என்று பெயர். அகலம் இரண்டரை மீட்டர், எடை பதினான்கு டன். அதைச் சுற்றியுள்ள அரசாங்க வட்டாரம் முழுவதுமே கம்பீரத்துக்காகக் கட்டப்பட்டதுதான். ஒன்றரைக் கிலோமீட்டர் நேர்ச்சாலை; கம்பீரத்தை மறைக்கும் என்பதால் அதில் ஒரு மரம்கூட இல்லை. இடப்பக்கம் நிதித்துறைக்குப் பதினாறு தூண். எங்களுக்கும் பதினாறு வேண்டும் என்று வலப்பக்கத்துச் சட்டத்துறை அடம்பிடித்து வாங்கியதில் ஜன்னல் வைக்க இடமில்லாமல் போய், அங்கே பட்டப்பகலில் விளக்கு எரிகிறது. கல்வித்துறைக்கு நாற்பது படி. மூச்சு வாங்க ஏறி முடித்தவரிடம், "இங்க இல்ல சார், கீழ விசாரிங்க" என்று சொல்வதற்கென்றே மேலே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

கல் விழுந்த மறுநாள், உதவிப் பொறியாளரைத் தலைமைப் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார்.

உதவிப் பொறியாளருக்கு அலுவலகத்தில் 'ரசமட்டம்' என்று பெயர். கொத்தனார்கள் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் அதே ரசமட்டம்தான். மேசை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அதன் காலுக்கடியில் அட்டை மடித்துச் செருகாமல் அவள் உட்காரமாட்டாள். தலைமைப் பொறியாளரை எல்லோரும் 'டாக்டர்' என்பார்கள். தேச மொட்டின் தத்துவத்தைப் பற்றி நானூறு பக்கம் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். ஒருமுறை லிஃப்டில் ஒருவர் மயங்கி விழ, "டாக்டரைக் கூப்பிடுங்க" என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். இவரும் ஓடி வந்தார். விழுந்தவர் கண் விழித்தபோது மூன்றாம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்ததாம்.

"உக்காரும்மா," என்றார் டாக்டர். "கார்மேல விழுந்தது கல்லுன்னு நினைக்கிறியா? இல்ல. அது வரலாறு நம்மகிட்ட கேக்குற கேள்வி."

"இருபது கிலோ சார்."

"என்னது?"

"கேள்வி சார். எடை போட்டுப் பாத்தேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு வாரத்துல பொன்விழா. அதுக்குள்ள மொட்டைப் பழையபடி புதுப்பிக்கணும். நீ ஒரு அறிக்கை எழுதணும். முதல் பாகம் தத்துவம், ரெண்டாம் பாகம் சிமெண்டு."

"சிமெண்டை முதல்ல வெச்சா..."

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அவளுடைய இடமாறுதல் விண்ணப்பம். இரண்டு வருடத்தில் நாலாவது.

"அறிக்கை இந்தக் கையில, ஆர்டர் அந்தக் கையில. நான் வாக்கு மாற மாட்டேன்."

அந்தத் தாளுக்காக ரசமட்டம் எதையும் தூக்கிச் சுமப்பாள். கணவனுக்குப் பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் தள்ளியிருக்கும் ஊரில் மின்வாரிய வேலை. மூன்று வயது மகள் அப்பாவோடும் அத்தையோடும் அங்கே வளர்கிறாள். தினமும் சாயங்காலம் போனில் முகம் பார்ப்பதோடு சரி. குழந்தை அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'போன் அம்மா'.

மறுநாள் காலை தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சாரம் ஏறினாள். ஐம்பது ஆண்டுகளில் மொட்டைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தவர்கள் இல்லை. மேலே போனதும் அவளுக்கு இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. முதலாவது, குவிமாடத்தின் ஓடு எல்லா இடத்திலும் ஒரே கனம். பதினான்கு டன்னைத் தாங்குவதற்கென்று உச்சியில் எந்த ஏற்பாடும் இல்லை. இரண்டாவது, மொட்டின் தலையில் ஓரத்திலிருந்து ஓரம்வரை நேராக ஒரு பள்ளம். மழைத்தண்ணீர் அதில் தேங்கித் தேங்கித்தான் கல் வெடித்திருந்தது.

அந்தப் பள்ளம் டாக்டரின் நாலாம் அத்தியாயம். ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலுள்ள மெல்லிய கோடு என்று அறுபது பக்கம் எழுதியிருந்தார். ரசமட்டம் தலையைச் சாய்த்து ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள். வீட்டில் சுவிட்ச் கழன்றால் தானே திருப்புளி எடுத்து மாட்டுகிறவள் அவள். இப்படி ஒரு கோட்டை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், என்ன, இத்தனை பெரிதாகப் பார்த்ததில்லை.

நேராக ஆவணக் காப்பறைக்குப் போனாள்.

காப்பறைக்குப் பொறுப்பான அம்மாவைக் 'கரையான் அக்கா' என்பார்கள். காகிதம் எங்கிருந்தாலும் போய்ச் சேர்ந்துவிடுவாள். அவளும் அந்தப் பெயரைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வா ரசம். என்ன, முகம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு?"

"அக்கா, மொட்டோட வரைபடம் வேணும்."

"இருந்தா குடுக்க மாட்டேனா? இந்தக் கட்டடத்துக்கே வரைபடம் கிடையாது." அக்கா காலால் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தாள். "வெளிநாட்டுல படிச்ச ஒரு ஆளு வரைஞ்சாரு. மரத்துல மாதிரி செஞ்சு தலைவர்கிட்ட காட்டினாங்க. தலைவரு கூரையைத் தூக்கி உள்ள பாத்துட்டு, என் அறை சின்னதா இருக்கேன்னுட்டாரு. வரைஞ்சவரு ரோஷக்காரர். படத்தையெல்லாம் சுருட்டி அக்குள்ள வெச்சிக்கிட்டு அன்னிக்கே கிளம்பிட்டாரு."

"அப்புறம் எதை வெச்சுக் கட்டினாங்க?"

"மாதிரியை வெச்சுத்தான். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர். ஒப்பந்தக்காரர் கையில அளவுகோல், கூட ஒரு மேற்பார்வை அதிகாரி. மாதிரியில உள்ளபடி ஒரு நூல்கூட மாறக்கூடாதுன்னு உத்தரவு. மாறவும் இல்ல."

"கூரையைத் தூக்கிப் பாத்தாருன்னீங்களே. எதைப் பிடிச்சுத் தூக்கினாரு?"

கரையான் அக்கா எழுந்துபோய் நாலாவது அலமாரியின் அடித்தட்டில் கைவிட்டு, தும்மிக்கொண்டே ஒரு கோப்பை எடுத்து வந்தாள். அதில் மரமாதிரி செய்த தச்சர் எழுதிய கடிதம் இருந்தது.

"ஐயா, வணக்கம். தலைவர் அவர்கள் கூரையைத் தூக்கிப் பார்க்கும் வசதிக்காக, அவசரத்துக்கு வேறு கிடைக்காமல், என் வீட்டு மேசை இழுப்பறையின் கைப்பிடிக் குமிழைக் கழற்றி, மேலிருந்து திருகாணி போட்டு மாட்டிக் கொடுத்திருந்தேன். கட்டடம் திறந்தாகிவிட்டபடியால் குமிழைத் திருப்பித் தர வேண்டுகிறேன். வீட்டில் மூன்று வருடமாக இழுப்பறையைக் கரண்டியால் நெம்பித் திறக்கிறார்கள். அதனால் எனக்குத்தான் மரியாதை குறைகிறது."

கீழே 'பார்த்தேன்' என்று ஒரு கையெழுத்து. 'பரிசீலிக்கலாம்' என்று இன்னொன்று. 'குமிழ் தற்போது தேசியச் சின்னம். திருப்பித் தர இயலாது' என்று பச்சை மையில் மூன்றாவது.

"அப்ப அந்தக் கோடு, திருகாணித் தலையில திருப்புளி வைக்கிற வெட்டு," என்றாள் ரசமட்டம். அப்புறம் சிரிப்பை அடக்கமுடியாமல் கரையான் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சும் இத்தனை நாளா சொல்லாம இருந்தீங்களா?"

"யாரு கேட்டா? அவரு ஆராய்ச்சிக்கு இங்க ஒருநாளாவது வந்தாரா? தத்துவத்துக்குத் தூசி ஒத்துக்காதுன்னு வாசலோட போயிட்டாரு."

அன்று சாயங்காலம் போனில் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"என்னங்க, உள்ளதை எழுதினா டாக்டர் பட்டத்தோட என் மாறுதலும் போச்சு. அவர் சொல்றபடி எழுதினா அந்தப் பதினாலு டன்னும் அங்கேயேதான் இருக்கும். அதுக்கு நேர் கீழதான் பார்வையாளர் கூடம். தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களை வரிசையா நிக்கவெச்சு அண்ணாந்து பாருங்கங்கிறாங்க."

"நீ சாஞ்சதைச் சாயலன்னு எழுதுற ஆளா?" என்றான் கணவன். "எழுதிட்டு ராத்திரி தூங்குவியா?"

"தூங்க மாட்டேன்."

"அப்ப வேற வழி பாரு. அந்த மனுஷனுக்குக் கல்லு முக்கியமா, பேச்சு முக்கியமா?"

பதில் சொல்வதற்குள் திரை முழுக்க மகளின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. "போன் அம்மா, உனக்குக் கால் இருக்கா?"

"இருக்குடி தங்கம்."

"காட்டு."

காட்டினாள். குழந்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப நடந்து வா" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனது.

ஒரு வாரம் கழித்து ரசமட்டம் அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தாள். டாக்டர் முதல் பக்கத்தைப் படித்தார். நெற்றி சுருங்கியது.

"மொட்டை அகற்றணுமா? என்னம்மா இது?"

"எல்லாம் உங்க புத்தகத்துல இருந்து எடுத்ததுதான் சார். 'இளம் தேசம் ஒரு மொட்டு'ன்னு முதல் வரியிலேயே எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"பொன்விழா கொண்டாடுறோம். ஐம்பது வருஷம் ஆச்சு. இன்னும் மொட்டாவே வெச்சிருந்தா, இன்னும் மலரலையான்னு எதிர்க்கட்சி கேக்காதா சார்?"

டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். எதிர்க்கட்சி என்ற சொல் எப்போதும் அவரை நிமிர வைக்கும்.

"கேப்பாங்க," என்றார் மெதுவாக.

"அந்தக் கல்லு விழுந்தது... நீங்கதான சார் சொன்னீங்க, வரலாறு கேக்குற கேள்வின்னு. எனக்கென்னமோ முதல் இதழ் விரிஞ்ச மாதிரி பட்டுது."

அவர் எழுந்து ஜன்னலருகே போய்க் குவிமாடத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். ரசமட்டம் மேசைமேலிருந்த மாறுதல் தாளைப் பார்த்தபடி நின்றாள். அவர் திரும்பியபோது கண்கள் கலங்கியிருந்தன.

"மலர்ச்சி," என்றார். "ரெண்டாம் பாகம். எனக்கே தோணலை பாரு!"

"உங்க புத்தகத்துலயே மறைஞ்சிருந்துது சார்."

"நாலாம் அத்தியாயத்துல," என்று அவரே ஒப்புக்கொண்டார். "அந்தக் கோடு. இதழ் பிரியுற இடம்."

அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அதே வேகத்தில் ஆர்டரிலும் போட்டார்.

பொன்விழா அமர்க்களமாக நடந்தது. இசைக்குழு முழங்க, ராட்சசக் கிரேன் தேச மொட்டைக் கழற்றி இறக்கியது. 'மலர்ந்தது தேசம்' என்று துணைச் செயலர் புதிய காரில் வந்து பேசினார். டாக்டர் ஐம்பது நிமிடம் பேசினார். கூட்டத்தின் கடைசி வரிசையில் கரையான் அக்கா கைதட்டிய வேகத்தைப் பார்த்து, அவளுக்குத் தத்துவத்தில் இவ்வளவு ஈடுபாடா என்று பக்கத்திலிருந்தவர்கள் வியந்தார்கள். உச்சியில் மொட்டு இருந்த இடத்தில் ஈயத்தகடு அடித்து மூடினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்த அபாயமும் இல்லாமல் அண்ணாந்து பார்த்தார்கள்.

விழா முடிந்த பிறகுதான் கல்லை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. உடைக்க முடியாது, தேசியச் சின்னம். அருங்காட்சியகம் தரை தாங்காது என்றது. நிதித்துறை தூண்களுக்கு நடுவில் இடமில்லை என்றது. சட்டத்துறை, நிதித்துறை வேண்டாம் என்றதை நாங்கள் ஏன் எடுக்கவேண்டும் என்று கேட்டது. கடைசியில் டாக்டர்தான் வழி கண்டார். மொட்டின் உட்பொருளை முழுமையாக உணர்ந்த ஒரே அதிகாரி எங்கே இருக்கிறாரோ, அங்கேயே மொட்டும் இருப்பதுதான் முறை என்று குறிப்பு எழுதினார். மாறுதல் ஆணையில் இரண்டாவது பத்தியாக அது சேர்ந்தது.

ரசமட்டம் ஊர் போய்ச் சேர்ந்தாள். வாசலில் இறங்கியதும் மகள் வந்து அவளுடைய இரண்டு காலையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "நிஜ அம்மா" என்று அத்தையிடம் அறிவித்தாள். அன்றிரவு கணவன் கதையை முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தான். மாவட்டக் கட்டட அலுவலகம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஓட்டுக்கூரை போட்ட இரண்டு அறை, எட்டு ஊழியர்கள், வாசல் ஒன்றுதான். ஒன்பதாம் நாள் ட்ரெய்லர் வந்தது. வாசலுக்கு நேர் எதிரே நிறுவவேண்டும் என்று ஆணையில் இருந்தது. கிரேன்காரர் ஆணையை இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, எழுதியிருந்தபடியே, கதவை அடைத்தாற்போல் இறக்கினார். கிரேன் ஒருநாள் வாடகைக்கு வந்தது, அன்றே திரும்பிவிட்டது.

அதிலிருந்து பொறியாளரும் எட்டு ஊழியர்களும் கழிப்பறை ஜன்னல் வழியாகத்தான் அலுவலகத்துக்குள் போய்வருகிறார்கள்.